புள்ளி

ஓசூரில் மூன்று மெடிக்கலில் தலையாட்டினார்கள்.
இல்லை என்பதற்கும்
இருக்கிறது, உனக்கில்லை என்பதற்கும்
ஒரே தலையாட்டல்.
தேன்கனிக்கோட்டை ரத்னம்மாதான் கூட வந்தாள்.
ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கி
கன்னடத்தில் கேட்டாள், இருமல் மருந்து கேட்பதுபோல.
ஒரே ஒரு மாத்திரை.
அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய அட்டை என்று
திரும்பும்போது பஸ்ஸில் சிரித்தோம்.

என் வேலை புள்ளி பார்ப்பது.
வரிசையாக வரும் செல்போன் திரைகளை
வெள்ளையில் ஒருமுறை, கறுப்பில் ஒருமுறை எரியவிட்டு
செத்த புள்ளி இருக்கிறதா என்று சொல்ல வேண்டும்.
இருந்தால் சிவப்புத் தட்டு.
ஆறாம் நாள் ராத்திரி ஷிப்டில்
டோக்கன் வாங்கிக்கொண்டு பாத்ரூம் போனேன்.
ஒரு புள்ளி.
என்னிடம்.

இது அது இல்லை.
அது பன்னிரண்டாம் தேதி வருவது,
முந்தின நாளே இடுப்பில் சொல்லி அனுப்புவது.
இது சொல்லாமல் வந்து, பழுப்பாய்
இரண்டு நாள் இருந்து, சொல்லாமல் போனது.
எந்தத் தட்டில் வைக்க?
அட்டைக்குள் எட்டாய் மடித்த தாளைப் பிரித்தேன்.
முன்னால் வரலாம், பின்னால் வரலாம்,
கூடுதலாக வரலாம், குறைவாகவும் வரலாம்.
எங்கள் ஊரில் மழைக்குச் சொல்வது.

பன்னிரண்டு வந்தது. அது வரவில்லை.
நவநீதன் தினமும் இரவு "ஆச்சா?" என்று அனுப்பினான்.
பதினாறுக்குப் பிறகு வெறும் கேள்விக்குறி.
பத்தொன்பதில் அதுவும் இல்லை.

இருபது காலை, பட்டையில் மூன்று சொட்டு.
ஒரு கோடு.
நான் விடவில்லை.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, சாய்த்து,
ஒரு கண்ணை மூடி
இரண்டாவது கோட்டைத் தேடினேன்.
எந்தத் திரைக்கும் இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.
"பாஸு, பாஸு" என்றாள் ரத்னம்மா
வாயில் பிரஷ்ஷோடு.

அம்மாவுக்கு என் தேதி மனப்பாடம்.
பாலக்கோட்டில் இருந்துகொண்டே
ஓசூரில் என்னை எண்ணுகிறாள்.
"இருபத்திரெண்டு மாரியம்மன் பண்டிக.
உனக்குப் பதினாறோட முடிஞ்சிருக்கும் பாப்பா,
வந்து நீயே மாவெளக்கு எடுத்துரு."
"தள்ளிப் போகுதும்மா."
பின்னால் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.
"எத்தன நாளு?"
"எட்டு."
"ராத்திரி வேல, சூடு. வெந்தயம் முழுங்கு."
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.
"எனக்கும் ஒருதரம் தள்ளிப் போச்சு.
நீ அப்ப பால்வாடி போயிட்டிருந்த."

நான் ஒரே பிள்ளை.
மிக்ஸி மறுபடி ஓடியது.

இருபத்திரண்டு காலை.
ராயக்கோட்டையில் தக்காளிக் கூடை ஏற்ற பஸ் நின்றபோது
அது வந்தது.
பத்து நாள் பாக்கியோடும் வட்டியோடும்
மொத்தமாக வந்தது.
"ரெண்டு நிமிஷம்ண்ணா" என்று கண்டக்டரிடம் சொல்லி
இறங்கி ஓடினேன்.
கட்டணக் கழிப்பிடத்தில் பத்து ரூபாய் கொடுத்து
மீதி வாங்காமல் வந்தேன்.
ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அடிவயிறு பிடித்து இழுத்தது.
இழுக்கட்டும்.

நவநீதனுக்கு அனுப்பவில்லை.
ரத்னம்மாவுக்கு ஒரு பச்சை வட்டம்.

அம்மா கூப்பிட்டாள். பின்னால் மேளம்.
மாவும் வெல்லமும் அப்பிய கையோடு
தோளில் போனை இடுக்கியிருப்பாள்.
"வந்துருச்சும்மா" என்றேன்.
ஒரு மூச்சு நேரம்
மேளம் மட்டும் கேட்டது.
"பஸ்ஸா?" என்றாள்.
"ஆமா. பஸ்ஸுதான்."
"செரி. வந்து தலைக்கு ஊத்திக்க.
மாவெளக்கு உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்."